சின்னத் தொட்டியில் விழுந்த கொக்கி

கண்ணா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த ஒரு வாரத்தில் மூன்று தடவை உன்னிடம் வாயைத் திறந்தேன். முதல் தடவை நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். "என்னம்மா?" என்றாய். "குடை எடுத்துக்கோடா" என்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவை "சாம்பார் போதுமா?" என்று கேட்டு முடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று நீயே என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். அதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் குன்றத்தூர் மலைக் கோயிலில் உனக்கும் திவ்யாவுக்கும் கல்யாணம். மாலையும் கழுத்துமாக நீ என் காலில் விழும்போது, இதைச் சொல்லாமல் உன் தலையில் கை வைக்க என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சமையலறை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். இரண்டுக்கும் "இல்லை" என்றேன். இரண்டும் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ ஆராய்ச்சியை விட்டாய். உன் கைதான் தப்பு பண்ணியது, உன் கண்தான் தப்பாகப் பார்த்தது என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். எப்படி என்று முழுசாகச் சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வா. ஆனால் கடைசி வரைக்கும் படி.

பம்மல் பட்டறையில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். நிக்கல் முலாம் பூசி வருகிற சரக்கை ஜன்னல் பக்கம் பிடித்து, கறை இருக்கிறதா, மங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கிள் பாகம், குழாய்க் கைப்பிடி, ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பி, எது வந்தாலும் கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, ரிஜெக்ட் கூடையில் போடு. இருபத்து நாலு வருஷம் இதையே செய்து செய்து, எனக்குக் கறையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் கம்பியில் துரு எங்கே என்று பார்ப்பேன். நம் வீட்டு போர் தண்ணீர் பக்கெட்டில் விடுகிற அந்தப் பழுப்புக் கறையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆசிட் ஊற்றித் தேய்ப்பேன். உங்கப்பா, "பக்கெட்டு தேஞ்சு ஓட்டை விழப் போவுது, பாரு" என்பார். தேயட்டும் என்பேன்.

உன்னையும் அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணா. கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாய். "மீதி எட்டு எங்கே போச்சு?" என்றேன். ஆறாவது படிக்கும்போது தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தை வரைந்தாய். கீழே ரயில், மேலே கூடைக்காரம்மா, ரொம்ப அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று என் வாயில் வரவில்லை. மூலையில் உன் விரல் கறை இருந்தது. "இரு, இதை மட்டும் எடுத்துடறேன்" என்று ரப்பரை வைத்து அழுத்தித் தேய்த்தேன். காகிதம் கிழிந்துவிட்டது. நீ அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ படம் வரைந்து நான் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லையே!

நீ ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் கேஸ் தீர்ந்துபோய், சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு நான் புலம்பிக்கொண்டிருந்தேன். "கவலப்படாதம்மா, ஒரு காலத்துல தண்ணியிலேர்ந்தே கேஸ் எடுத்து அடுப்பு எரியும்" என்றாய். "தண்ணியே லாரியிலதான்டா வருது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு பொறுமையாகச் சொன்னாய். தண்ணீரில் இரண்டு தகட்டை வைத்துக் கரண்டு விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், இன்னொரு பக்கம் ஆக்ஸிஜன் வரும். ஆக்ஸிஜன் வருகிற பக்கம் சண்டி மாடு மாதிரி, கிளம்பவே கிளம்பாது, அதனால் கரண்டு தண்டமாகிறது. அதைக் கிளப்பி விடுகிற பொருளுக்குப் பெயர் கேட்டலிஸ்ட். அது தான் தீர்ந்துபோகாமல் கூடவே நின்று வேலையைச் சுலபமாக்கும். "கல்யாணத் தரகர் மாதிரிம்மா" என்றாய். "சேர்ந்து கிடக்கறத பிரிச்சு விடறது தரகராடா? வக்கீல்டா அது" என்றேன். "கரெக்ட்! ஆனா இப்ப இருக்கற வக்கீலுங்க எல்லாம் தங்கத்துக்கு மேல விலை. நான் ஏழைபாழைக்கு ஒரு வக்கீல் தேடறேன்" என்றாய். நிக்கல்தான் நீ தேடிய அந்த வக்கீல். நிக்கல் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளையின் படிப்பு என் பட்டறைக்கே வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கம்பி வலைத் துண்டு ஒன்றில் நிக்கல் பூச வேண்டும் என்று கேட்டாய். முதலாளியிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பெரிய தொட்டியைத் தொடக் கூடாது, ஓரத்துச் சின்னத் தொட்டியில் செய்துகொள்ளட்டும் என்றார் முதலாளி. அந்தச் சின்னத் தொட்டியில் என்ன இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆள் வராத ஒரு நாளில் நானே சரக்கு மாட்டப் போய், ஓர் இரும்புக் கொக்கியை அதற்குள் தவற விட்டேன். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் திட்டுவார்களே என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காந்தத்தைக் கட்டி இறக்கி வெளியே எடுத்தபோது, கொக்கி பாதியாகக் கரைந்து ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. அப்புறம் அந்தத் தொட்டியில் எதைப் போட்டாலும் மங்கலாக வந்தது. தொட்டி கெட்டுப்போச்சு, பிறகு பார்க்கலாம் என்று முதலாளி ஒதுக்கி வைத்திருந்தார். நீ கையுறை மாட்டிக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்து, "நல்ல தொட்டிதானேம்மா?" என்று கேட்டாய். "முதல் தரம்டா" என்றேன். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உன் முன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. நீ நோட்டில் "சுத்தமான நிக்கல் கரைசல்" என்று எழுதினாய். எழுதியதை எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அந்த வலைத் துண்டுதான் உனக்கு அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்தது. காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் போட்டு, கரண்டு விட்டு வாரக்கணக்கில் ஓட்டினாய். நாளாக நாளாக அதன் மேல் ஒரு பழுப்பு ஏறியது, அது ஏற ஏற வேலை நன்றாக நடந்தது. குறைந்த கரண்டில் பொலபொலவென்று குமிழி வருகிறது என்று கண் பளபளக்கச் சொன்னாய். உன் வழிகாட்டி மேடம் நம்பாமல் உன்னையே இன்னும் இரண்டு தடவை அளந்து காட்டச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் மூன்று பேர் திங்கட்கிழமை வருகிறார்கள், அவர்கள் எதிரில் ஓட்டிக் காட்ட வேண்டும், அவர்களுக்குப் பிடித்தால் வேலை தொடர வழி பிறக்கும் என்றாய். வெள்ளிக்கிழமை அந்தத் துண்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். "யாரும் தொடாதீங்க" என்றாய். நான்தான் "சரிப்பா" என்றேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை நீ நண்பனைப் பார்க்கப் போயிருந்தாய். நான் டப்பாவை எடுத்து, டிபன் பையில் வைத்து, பம்மலுக்குக் கொண்டுபோனேன். பீற்றிக்கொள்ளத்தான், வேறு எதற்கு? என் பிள்ளை செய்தது, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து காட்டினேன். கூட வேலை செய்கிற தனம் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, துரு புட்சினு கீது! இதுக்கா அவ்ளோ படிப்பு? நம்ம கூடையில போடறதே இத்த விட நல்லா கீதே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆமாம், நம் பக்கெட்டுக் கறை மாதிரியே பழுப்பு. இதையா நாளை மறுநாள் பெரிய மனிதர்கள் முன்னால் வைக்கப் போகிறான், பிள்ளையை மட்டமாக நினைக்க மாட்டார்களா என்று தோன்றியது. நேராகப் போய் ஆசிட்டில் முக்கினேன். போதாது என்று பிரஷ் போட்டுத் தேய்த்து, திரும்பவும் முக்கி, அலசி, துடைத்தேன். கறை போய்விட்டது. "இப்ப பாருடி" என்று தனத்திடம் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு!

சாயங்காலம் டப்பாவை அலமாரியில் திரும்ப வைக்கும்போது உங்கப்பா பார்த்துவிட்டார். "அவன ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யக் கூடாதா?" என்றார். "அழுக்கைத் துடைக்க அனுமதி கேக்கணுமா? உங்க வேலையப் பாருங்க" என்று வள்ளென்று விழுந்தேன். பாவம் மனிதர், வாயை மூடிக்கொண்டார். இந்த மூன்று வருஷமும் மூடிக்கொண்டே இருந்தார். அவர் மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் என் மேல் போட்டுவிடு.

திங்கட்கிழமை நீ வந்து நின்ற கோலத்தை என்னால் மறக்க முடியாது. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஓடலம்மா. சாதா நிக்கல் மாதிரி மந்தமா இருந்துச்சு. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மேடம் தலை குனிஞ்சு உக்காந்துட்டாங்கம்மா" என்றாய். பிறகுதான் அந்த இரண்டு கேள்வி. "அன்னிக்கு அந்தச் சின்னத் தொட்டியில வேற ஏதாவது விழுந்திருந்துச்சாம்மா?" என்றாய். "இல்லையே." "டப்பாவ யாராவது தொட்டாங்களா?" "இல்லடா, யாரு தொடப் போறா?" என் கை அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது சாக்காகப் போயிற்று. "அப்ப அந்தப் பழுப்பு சும்மா ஒட்டிக்கிட்டிருந்த அழுக்கு போல. தானா உதிர்ந்துடுச்சு. நான்தான் ஏதோ தப்பா அளந்திருக்கேன்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம்! உன் முகத்தைப் பார்த்தேன், பயந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை மறுநாள் என்று நினைத்தேன். அதற்குள் முதலாளி சின்னத் தொட்டியைக் கொட்டிக் கழுவியே விட்டார்.

ஆறு மாதம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? காலேஜில் சுத்தமான ரசாயன மருந்தை வாங்கி வாங்கித் திரும்பச் செய்தாய். ஒரு துண்டுகூட அப்படி வரவில்லை. எப்படி வரும்? நீ சுத்தமாகச் செய்தாய். கடைசியில், "என் பழைய அளவுகள் நம்பத் தகுந்தவை அல்ல" என்று உன் கையாலேயே மேடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். பெருங்குடியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையில் சேர்ந்தாய். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறாய். தெரு முனை வரைக்கும் போய்விட்டு, கேஸை அணைத்தேனா என்று திரும்பி வருகிறாய். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரையே ஏழெட்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாய். முன்னால் நீ அப்படி இல்லை. திவ்யா போன வாரம் வந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள், "இவருக்கு எதுலயும் டவுட்டுதான் அத்தை" என்று. அவளுக்கு அது வேடிக்கை. அதை உனக்குள் போட்டவள் நான்.

போன மாதம் மேடத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் அப்பாவும் சேலையூர் போனோமே, அன்றைக்குத்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. காபி கொடுத்துவிட்டு மேடம் தானாகவே ஆரம்பித்தார்கள். "உங்க பையன் பார்த்தது நிஜமா இருக்கும்னு இப்ப தோணுதுங்க. சுத்தமான நிக்கல் மந்தமாத்தான் இருக்கும். அதுல துளி இரும்பு சேர்ந்தா ஆளே மாறிடும். முன்னாடியே சில பேர் எழுதியிருக்காங்க, நாங்கதான் சரியா கவனிக்கல. அவன் நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழுப்பு ஏறுதுன்னு நாள் தவறாம எழுதி வச்சிருக்கான். அந்த இரும்பு எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் எனக்குப் புரியல" என்றார்கள். உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும், "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் இவ்வளவு கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் தனியாகப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர்கள் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு, "கொக்கி எத்தனை நாள் உள்ளே கிடந்துச்சு?" என்று கேட்டார்கள். என் தப்பை உட்கார்ந்து ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள், கண்ணா. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எழுதி முடித்ததும், "அவன் எப்ப வந்தாலும் என் லேப்ல அவனுக்கு இடம் உண்டு. ஆனா இதை நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றார்கள்.

அப்புறம் முதலாளியிடமும் போய்க் கொக்கி விஷயத்தைச் சொன்னேன். "அடப் பாவமே, மூணு மாசம் மருந்துக்காரனை இல்ல நான் திட்டிக்கினு இருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நல்ல மனிதர், பிறகு சிரித்துவிட்டார். அவர் அனுமதியோடு சின்னத் தொட்டியில் கொஞ்சம் கரைசல் ஊற்றி, நானே ஓர் இரும்புக் கொக்கியை எடுத்துப் போட்டேன். தனம், "இன்னாக்கா, பைத்தியம் கியித்தியம் புட்சிக்கிச்சா? இரும்ப எதுக்கு உள்ள போட்ற?" என்று கத்தினாள். "வாய மூடிக்கினு வேலையப் பாருடி, எல்லாம் உன்னாலதான்" என்றேன். உண்மையில் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வாரம் ஊறவிட்டு, அன்றைக்கு நீ செய்த மாதிரியே ஒரு வலைத் துண்டில் பூசி எடுத்தேன். மேடம் அதைத் தன் லேபில் காரத் தண்ணீரில் சில நாள் ஓட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பழுப்பு ஏறியிருக்கிறது. இது வேலை செய்யுமா செய்யாதா என்று நான் கேட்கவில்லை. அளந்து பார்க்க வேண்டியவன் நீ.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். திவ்யா ஏதாவது செய்துகொண்டு வந்து காட்டினால், கோலமோ சமையலோ, முதலில் முழுசாகப் பார். மூலையில் இருக்கிற விரல் கறை அப்புறம் தெரியட்டும், தெரியாமலே போனாலும் குடி முழுகிப்போகாது. அவளிடம் நீ ஏதாவது தப்பு பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. அடுத்த நாள் அது இரண்டு தப்பு ஆகிவிடும், எனக்கு ஆயிற்றே. மேடத்திடம் திரும்பிப் போவதும், பெருங்குடியிலேயே இருப்பதும் உன் இஷ்டம். எது செய்தாலும் மீதி எட்டு எங்கே என்று நான் கேட்க மாட்டேன். என்னை மன்னித்தாய் என்று நீ உடனே சொல்லவும் வேண்டாம். பன்னிரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் நான் சோறு போடுவேன்.

டப்பா இப்போது அப்பாவின் பீரோவில் இருக்கிறது. நான்கு நாள் அலமாரியில் வைத்திருந்தேன், முடியவில்லை. போகிறபோதும் வருகிறபோதும் அந்தப் பழுப்பு கண்ணை உறுத்துகிறது, கை பரபரக்கிறது. நேற்று அப்பாவிடம் கொடுத்து, "பூட்டி சாவிய நீங்களே வச்சுக்குங்க, நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் அவரிடம் போய்ச் சாவியை வாங்கிக்கொள்.

நீ அன்றைக்குக் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம்டா, தொட்டியில் இரும்புக் கொக்கி விழுந்திருந்தது. ஆமாம், டப்பாவை நான் தொட்டேன். நீ அளந்தது சரி.

அம்மா